உச்சவரம்பும் சன்னலோரக் கட்டிலும்

பிப்ரவரி 4, செவ்வாய்

மாலை ஐந்து மணிக்கு இல்லாளைக் குருதிச் சுத்திகரிப்புக்கு அழைத்துச் சென்றேன். "மிஷினுக்குப் போறோம்னு சொன்னா வாய் வலிக்குமா உங்களுக்கு?" என்று கேட்டாள். வலிக்காது. ஆயினும் ஒரு சிகிச்சைக்கு முறையான பெயர் இருக்கையில், மாவரைக்கப் போவதைப் போல் ஏன் சொல்ல வேண்டும்?

அரசு மருத்துவமனையில் காலை ஷிப்டிலும் பகல் ஷிப்டிலும் இடமில்லை. எங்களுக்குக் கிடைத்தது மூன்றாவது, மாலை ஷிப்ட்: செவ்வாய், வியாழன், சனி. தனியாரிடம் போனால் என் ஓய்வூதியம் முதல் வாரத்திலேயே ஓய்வு பெற்றுவிடும்.

சன்னலோரக் கட்டில் பேருந்து நடத்துநருடையது. நாற்பது வயதிருக்கும். பகலெல்லாம் பேருந்தில் பணி, மாலையில் இங்கே படுக்கை. அந்தக் கட்டிலின் மீது இல்லாளுக்கு ஓராண்டாகக் கண்.

"அக்கா, சன்னல் சீட்டு ரிசர்வேஷன். நின்னுக்கிட்டே வர்றீங்களா?"

"நீ எறங்குற ஸ்டாப்பு எப்ப வரும்னு சொல்லு. அப்புறம் நான் உட்கார்ந்துக்கறேன்."

"நான் கடைசி ஸ்டாப்பு வரைக்கும் டிக்கெட் எடுத்துட்டேன்கா!"

செவிலியர் சிரித்ததில் ஊசி தவறிவிடுமோ என்று எனக்குக் கவலை. தவறவில்லை. எடை: வரும்போது 53.2 கிலோ, தேங்கிய நீரை எடுத்த பின் போகும்போது 51.

வீடு திரும்பினால் நிதித்துறையிலிருந்து கடிதம். அரசு எவ்வளவு செலவழித்தால் நாட்டின் பொருளாதாரம் நன்கு வளரும் என்று ஆராய்ந்து சொல்ல ஐவர் குழு. ஓய்வுபெற்ற புள்ளியியல் அலுவலர் என்ற முறையில் நானும் உறுப்பினர். கடிதத்தில் இட்ட தேதி ஜனவரி 27, வந்து சேர்ந்தது இன்று. வளர்ச்சியின் வேகத்தை ஆராயப் போகிறவர்கள்!

பிப்ரவரி 7, வெள்ளி

முதல் அமர்வு. தலைவர், புள்ளியியல் துறையில் என்கீழ்ப் பணியில் சேர்ந்தவர். இன்றும் என்னைக் கண்டால் எழுந்து நிற்கிறார். மற்றவர்கள் ஒரு பேராசிரியர், பொதுப்பணித் துறையில் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், வணிகர் சங்கச் செயலாளர்.

நடைமுறை விதிகள் அனைத்தையும் முழுமையாக வாசித்து, ஏற்றுக்கொண்டதாகப் பதிவு செய்த பின்னரே விவாதம் தொடங்க வேண்டும் என்றேன். வணிகர் வாய் பிளந்து கொட்டாவி விட்டார். வாசித்தார்கள்.

பிறகு பேராசிரியர் திரையில் குன்று போன்ற ஒரு கோட்டுப் படத்தைக் காட்டினார்; அதில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு நாடு. இடக்கோடியில் அரசு செலவே செய்யாத நாடு: சாலையில்லை, பள்ளியில்லை, வளர்ச்சியுமில்லை. செலவு கூடக் கூட வளர்ச்சி ஏறுகிறது. ஓரிடத்தில் முகடு. அதற்கப்பால் வரிச்சுமை அழுத்த, கோடு இறங்கத் தொடங்குகிறது. நூறு ரூபாய் உற்பத்தியில் அரசின் செலவு இருபத்திரண்டு ரூபாயாக இருப்பதே முகடு என்கிறார். நாம் இருபத்தெட்டில் நிற்கிறோமாம். ஆகவே இருபத்திரண்டை உச்சவரம்பாக்கிப் படிப்படியாகக் குறைக்க வேண்டுமாம்.

"செலவு பண்ணாம எந்த வீடுங்க வளர்ந்திருக்கு?" என்றார் பொறியாளர்.

"வரியைக் குறைச்சுப் பாருங்க, வளர்ச்சின்னா என்னன்னு நாங்க காட்டறோம்" என்றார் வணிகர்.

செலவென்றாலே வளர்ச்சி என்பாரோடு எனக்கும் உடன்பாடில்லை. எங்கள் நாற்சந்தியின் நீரூற்றை மூன்று முறை இடித்துக் கட்டினார்கள். மூன்று முறையும் தண்ணீர் வரவில்லை. ஆனால் படத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு புள்ளிகள் என் கண்ணை உறுத்தின. துறைமுக வருவாயில் வாழும் இரு சிறு நாடுகள். அவ்விரண்டையும் நீக்கினால் முகடு எங்கே நிற்கும் என்று கேட்டேன்.

"ஏன் சார் நீக்கணும்?"

"ஏன் சேர்த்தீர்கள் என்று நான் கேட்டால் என்ன விடையோ, அதுவே."

"சார், போக்கைப் பாருங்க. புள்ளியைப் பாக்காதீங்க."

முப்பத்தாறு ஆண்டுகள் புள்ளியைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவனிடம் சொல்கிறார்.

பிப்ரவரி 8, சனி

எடை: 53.4, 51.1. கணுக்காலில் வீக்கமில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

இரண்டாம் அமர்வு. உச்சவரம்பை ஏற்றால் முதலாண்டில் எவற்றை நிறுத்தலாம் என்று இரண்டாம் இணைப்பில் பட்டியல் கொடுத்திருந்தார்கள். நீரூற்றுகள் இருக்கின்றனவா என்று தேடினேன். இல்லை. பதினோராவதாக: அரசு மருத்துவமனைகளில் மாலை நேரப் பிரிவுகள், குருதிச் சுத்திகரிப்பு மூன்றாம் ஷிப்ட் உட்பட.

முறையான பெயரில்தான் எழுதியிருந்தார்கள்.

எதிரிலிருந்த தண்ணீரைக் குடித்தேன். பக்கத்திலிருந்த பொறியாளரின் தண்ணீரையும் குடித்திருக்கிறேன். அவர் சொல்லித்தான் தெரிந்தது.

"இதெல்லாம் உற்பத்தி சாராத செலவு" என்று பேராசிரியர் விளக்கிக்கொண்டிருந்தார். கெட்டவர் அல்லர். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பேசும் பழக்கம் உடையவர். அவருக்கு அது பதினோராவது வரி, அவ்வளவே.

குழுவின் ஆவணங்கள் இரகசியம். இல்லாளிடம் சொல்லக் கூடாது. சொல்லவில்லை. இரவு உணவு இறங்கவில்லை. அதற்குப் பல்வலியைக் காரணம் சொன்னேன். எனக்கு இருப்பது கட்டுப்பல்.

பிப்ரவரி 15, சனி

கட்டிலருகே அமர்ந்து இயந்திரத்தின் சக்கரம் சுழல்வதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுடைய குருதி வெளியே வந்து, சுற்றி, திரும்பிப் போகிறது. இது உற்பத்தியா, உற்பத்தி சாராததா?

"என்ன சார், செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறின மாதிரி முகத்த வெச்சிருக்கீங்க?" என்றார் நடத்துநர்.

அவரைக் கேட்டேன்: மாலை ஷிப்ட் இல்லாமற் போனால் என்ன செய்வீர்?

"பகல்ல படுத்தா டூட்டி போச்சு. டூட்டி பாத்தா நான் போச்சு." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "ஏன் சார், எதாச்சும் கேள்விப்பட்டீங்களா?"

"இல்லை. சும்மா கேட்டேன்."

எடை: 53.1, 51.

பிப்ரவரி 18, செவ்வாய்

தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. ஒப்பந்தச் செவிலியர்களை மார்ச்சுக்குப் பிறகு புதுப்பிப்பது ஐயம் என்று செவிலியரே இல்லாளிடம் சொல்லியிருக்கிறார்.

ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தோம். கதவைச் சாத்தியதும் கேட்டாள். "அந்தக் கமிட்டில இதைத்தான் பேசறீங்களா?"

"அது இரகசியம்."

"என் கிட்னியும் இரகசியமாத்தான் கெட்டுது." செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "சரி, சொல்ல வேண்டாம். கை தூக்கற அன்னைக்கு ஒழுங்கா தூக்குங்க, போதும்."

அங்கேதான் சிக்கல். என் மனைவி படுக்கும் கட்டிலைப் பற்றி முடிவெடுக்கும் மேசையில் நான் உட்காரலாமா? வேறொருவர் இப்படி உட்கார்ந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? எழுந்து போங்கள் என்றிருப்பேன். பணிக்காலத்தில் சொல்லியும் இருக்கிறேன்.

புள்ளிகளைப் பற்றிய என் மறுப்பு கணக்கிலிருந்து வருகிறதா, கட்டிலிலிருந்து வருகிறதா? பிரித்தறிய முடியவில்லை. முடியவே இல்லை.

பிப்ரவரி 20, வியாழன்

தன்னலத் தொடர்பை அறிவித்துத் தலைவருக்குக் கடிதம் எழுதினேன். மூன்று வரைவுகள். மூன்றாவதில் "நெருங்கிய உறவினர்" என்பதை அடித்து "மனைவி" என்று எழுதினேன். எடை: 53.3, 51.2.

பிப்ரவரி 21, வெள்ளி

தலைவர் கடிதத்தை வாய்விட்டு வாசித்தார். அறையில் சிரிப்பு எழுந்தது.

"என் பையன் கான்ட்ராக்டர்" என்றார் பொறியாளர். "ரோடு போட்டா அவனுக்கு வேலை. அதுக்காக நான் வாயைத் தெச்சுக்கணுமா?"

"வரி கொறஞ்சா எனக்குத்தானே லாபம்" என்றார் வணிகர். "ஐயா, மழைல வந்தவங்க எல்லாரும் நனைஞ்சுதான் வந்திருக்கோம். நீங்க ஒருத்தர் மட்டும் துவட்டிக்கிட்டு நிக்கறீங்க."

தலைவர் எழுந்து என்னருகில் வந்தார். "சார், அரசாங்கத்தோட சம்பந்தமே இல்லாத ஆளுதான் இதைப் பேசணும்னா, காட்டுலதான் போய்த் தேடணும். நீங்க ஓட்டுப் போடுங்க."

விதி அப்படிச் சொல்லவில்லை என்றேன். விதி கட்டாயப்படுத்தவும் இல்லை என்றார். யோசிக்கிறேன் என்றேன்.

பிப்ரவரி 26, புதன்

யோசிக்கிறேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

வாக்கெடுப்பு நடந்தது. உச்சவரம்புக்கு ஆதரவு: பேராசிரியர், வணிகர். எதிர்ப்பு: பொறியாளர். நான் எவ்வகையிலும் வாக்களிக்கவில்லை என்று பதிவு செய்யச் சொன்னேன். சமமானால் மட்டுமே தலைவர் வாக்களிப்பார்; சமமாகவில்லை. இரண்டாம் இணைப்பும் சேர்ந்து நிறைவேறிற்று.

நடைவழியில் தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சார், நீங்க கையைத் தூக்கியிருந்தா சமம். என் ஓட்டு எங்க விழுந்திருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. தெரிந்திருந்தாலும் அதை எண்ணிக் கை தூக்குவது முறையாகாது.

முறை, முறை. வீட்டுக்குப் போகும் பேருந்தைத் தவறவிட்டேன். அடுத்ததையும்.

மார்ச் 1, சனி

காலையிலேயே சொல்லிவிட்டேன். நிறைவேறிய முடிவுக்கு இரகசியமில்லை.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். தட்டில் எண்ணி வைத்திருந்த பனிக்கட்டித் துண்டுகளில் ஒன்றை வாயில் போட்டுக் கரைத்தாள். தண்ணீர் குடிக்கக் கூடாதவளுக்கு அதுதான் தண்ணீர்.

"நீங்க யோக்கியர்னு ஊருக்குத் தெரியணும். எனக்கு ரத்தம் சுத்தமாகணும். ரெண்டுல ஒண்ணுதான் நடக்கும்போல."

பதில் சொல்ல வாயெடுத்தேன்.

"வேண்டாம். தப்புன்னு சொல்லல. நாப்பத்தஞ்சு வருஷமா இதே ஆளோடதானே இருக்கேன்? என்னைத்தான் சொல்லிக்கணும்."

மாலை எடை 53.5 என்றார்கள். போகும்போது எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள், 51.3.

மார்ச் 4, செவ்வாய்

அறிக்கையுடன் என் மாற்றுக் கருத்துரையை இணைக்க அனுமதி கேட்டேன். அந்த இரு புள்ளிகள் இன்றி முகடு இருபத்தேழுக்கருகே நகர்வதை ஞாயிறு முழுதும் கையாலேயே கணக்கிட்டு எழுதியிருந்தேன். அத்துடன், மொத்தம் எவ்வளவு என்பதை மட்டும் பேசும் கோடு, எதற்கு என்பதைப் பேசுவதில்லை என்றும்.

அலுவலக உதவியாளர் தொலைபேசியில் மரியாதையாகச் சொன்னார்: "வாக்களிக்காத உறுப்பினர் கருத்துரை இணைக்க முடியாதுங்க ஐயா. விதி ஒன்பது. முதல் நாள் நீங்கதான் வாசிக்கச் சொன்னீங்களாம்."

மார்ச் 9, ஞாயிறு

இந்தக் குறிப்பேட்டைப் புரட்டினேன். புள்ளிகள் பற்றிய ஐயத்தை எழுதியது பிப்ரவரி 7. மூன்றாம் ஷிப்ட் பட்டியலில் இருப்பதை அறிந்தது பிப்ரவரி 14. ஐயமே முந்தியது. அது கணக்கிலிருந்து வந்தது, கட்டிலிலிருந்து அல்ல. நாள் போட்டுச் சான்று என் மேசை மேலேயே கிடந்திருக்கிறது.

வாழ்நாளெல்லாம் தேதி தேதி என்று பிறரை வாட்டி எடுத்தவன். வேண்டிய நேரத்துல திருப்பிப் பாக்கத் தோணலியே! ஏன்டா தோணல?

ஏப்ரல் 1, செவ்வாய்

மூன்றாம் ஷிப்ட் நின்றது. இல்லாளைப் பகல் ஷிப்டில் வாரம் இருமுறை நெருக்கிச் சேர்த்திருக்கிறார்கள்: திங்கள், வெள்ளி. நடத்துநருக்கு அதுவும் இல்லை. பக்கத்து நகரத்து மருத்துவமனையில், காலை வேளையில் இடம். பேருந்தில் இரண்டு மணி நேரம்.

செவிலியருக்கு வேலை போயிற்று. கிளம்பும்போது இல்லாளின் ஊசி குத்தும் கையைத் தடவிக் கொடுத்து, "புதுசா குத்தறவங்ககிட்ட இந்த எடம் வேண்டாம், மேல குத்துங்கன்னு சொல்லுங்கம்மா" என்றார்.

ஏப்ரல் 17, வியாழன்

இன்று வியாழன். போக வேண்டியதில்லை. ஐந்து மணிக்கு இருவரும் உடுத்திக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். யார் முதலில் சொல்வது என்று தெரியாமல்.

கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுகிறது. மேலே வர நேரமாகிறது.

ஏப்ரல் 26, சனி

மருந்து வாங்க மருத்துவமனைத் தெருவுக்குத் தனியே சென்றேன். மாலையில் இப்படிப்பட்ட அமைதியை அங்கே கண்டதில்லை. வாயிலெதிரே இருந்த தேநீர்க் கடை ஆறு மணிக்கே பலகை சாத்திவிட்டது. ஆட்டோ நிறுத்தத்தில் ஒரே வண்டி. ஓட்டுநர் பின்னிருக்கையில் உறங்குகிறார். செவிலியர் குடியிருந்த மாடியறையில் "வாடகைக்கு" என்று அட்டை தொங்குகிறது. மருந்துக்கடைக்காரர், மாலை நேரத்துக்கு வைத்திருந்த பெண்ணை நிறுத்திவிட்டதாகச் சொன்னார். அரசு ஒரு விளக்கை அணைத்தது. தெரு மற்றவற்றைத் தானே அணைத்துக்கொண்டது. இந்தத் தெரு பேராசிரியரின் படத்தில் ஒரு புள்ளியாகக்கூட வராது. ஒரு தெருவை வைத்து நாட்டைப் பற்றி முடிவுக்கு வரக் கூடாது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் குறித்து வைக்கிறேன்.

பேருந்து நிறுத்தத்தில் நடத்துநரைப் பார்த்தேன். சீருடையில் பணியிலிருந்தார். முகம் ஊதியிருந்தது.

"இன்று சனிக்கிழமை ஆயிற்றே, சிகிச்சைக்குப் போகவில்லையா?"

"லீவு தீந்துடுச்சு சார். வாரம் மூணு நாள் போகணும், ரெண்டு நாள் போறேன். சில வாரம் ஒண்ணு." படியில் தொற்றிக்கொண்டு திரும்பிப் பார்த்தார். "அக்காகிட்ட சொல்லுங்க, சன்னல் சீட்டு இன்னும் என் பேர்லதான் இருக்கு!"

வந்து சொன்னேன். சிரித்தாள். ஏப்ரலில் அவள் சிரித்தது இதுவே முதல் தடவை.

மே 12, திங்கள்

எடை: 55.8. இரண்டு மணி நேரத்திலேயே தலைசுற்றி, இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். வாந்தி. "பயப்படாதீங்க" என்று அவள் எனக்குச் சொல்கிறாள். அவ எனக்குச் சொல்றா.

மே 16, வெள்ளி

மாலைப் பிரிவுகளை மூடியது பற்றி முறையீடுகள் பெருகியதால், பொதுமக்கள் கருத்துக் கேட்பு அறிவித்திருக்கிறார்கள், மே 23. தலைவர் தொலைபேசியில் அழைத்தார். குழுவின் பக்கம் வந்து உட்காரச் சொன்னார்.

"எந்த விதிப்படி?" என்று கேட்டேன்.

"எதாச்சும் ஒரு விதி கண்டுபிடிக்கறேன் சார், வாங்க."

வருகிறேன், ஆனால் அந்தப் பக்கம் அல்ல என்றேன்.

மே 23, வெள்ளி

இல்லாளைப் பகல் ஷிப்டில் படுக்க வைத்துவிட்டு வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் ஆட்டோ ஓட்டுநர், பின்னால் மருந்துக்கடையில் வேலை இழந்த பெண். வருகைப் பதிவில் "தொழில் / தகுதி" என்று ஒரு கட்டம். ஓய்வு பெற்ற நாள் முதல் அதில் நான் எழுதிவருவது ஒன்றே: ஓய்வுபெற்ற புள்ளியியல் அலுவலர். இன்று பேனாவை வைத்துக்கொண்டு தயங்கினேன். "சீக்கிரம் எழுதுங்க பெரியவரே" என்றார் பின்னாலிருந்த பெண். நோயாளியின் கணவர் என்று எழுதினேன்.

மேடையில் பேராசிரியர் என்னைக் கண்டு பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்தார்.

என் மனைவி பதினோராவது வரியில் இருக்கிறாள் என்று தொடங்கினேன். ஆகவே நான் சொல்வதை அந்த அளவுக்குத் தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். தள்ளுபடி போக மிஞ்சுவதைக் கேளுங்கள் என்றேன். மாலை ஷிப்டில் படுப்பவர்களில் பெரும்பாலோர் பகலில் உழைப்பவர்கள். அந்தச் செலவுதான் அவர்களை உற்பத்தியில் வைத்திருந்தது. பேருந்து நடத்துநர் ஒருவரை எடுத்துக்காட்டினேன். பிறகு அந்த இரண்டு புள்ளிகள்.

பேராசிரியர் கண்ணாடியைத் துடைத்தார். "அந்த ரெண்டு நாட்டையும் எடுத்துட்டு மறுபடி பாக்கறேன் சார்" என்றார். வெறும் மரியாதைக்குச் சொன்னாரா, தெரியாது.

திரும்பி வருகையில் இல்லாள் கேட்டாள்: "கை தூக்கினீங்களா?"

"தூக்கினேன். பேச அனுமதி கேட்க."

ஜூன் 10, செவ்வாய்

நாளேட்டில் நான்காம் பக்கம், சிறு செய்தி. உச்சவரம்பு மறுஆய்வுக்கு அனுப்பப்படுகிறது. மருத்துவமனை மாலை ஷிப்டுகள் அதுவரை மீண்டும் நடைபெறும். ஜூன் 17 முதல்.

மூன்று முறை வாசித்துக் காட்டினேன். நான்காம் முறை கண்ணாடியை என்னிடமிருந்து வாங்கி அவளே வாசித்தாள்.

ஜூன் 17, செவ்வாய்

மாலை ஐந்து மணி. மூன்றாம் ஷிப்ட். தேநீர்க் கடை திறந்திருந்தது. பழைய செவிலியரையே திரும்ப அழைத்திருக்கிறார்கள்.

சன்னலோரக் கட்டிலில் புதிய விரிப்பு. அதில் யாருமில்லை.

"தம்பிக்கு இன்னும் டூட்டி முடியலியா?" என்று கேட்டுக்கொண்டே இல்லாள் தன் பழைய கட்டிலில் அமர்ந்தாள்.

செவிலியர் குழாயைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. "போன மாசம் பத்தொம்பதாம் தேதி போயிட்டார்மா. பஸ்லயே." பிறகு, "நீங்க அந்தக் கட்டிலுக்கு வந்துடுங்க. காத்து வரும்."

மே 19. நான் 23ஆம் நாள் அவரை எடுத்துக்காட்டிப் பேசினேன். உழைத்துக்கொண்டிருக்கிறார் என்று பேசினேன்.

இல்லாள் எழுந்து நின்றாள். "எறங்குற ஸ்டாப்பு எப்பன்னு கேட்டேனே" என்றாள். என்னிடம் அல்ல. செவிலியர் தோளைப் பிடித்து அழைத்துப்போய்ப் படுக்க வைத்தார். அவள் சன்னலுக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் அருகில் அமர்ந்தேன். அந்தச் சன்னலிலிருந்து பேருந்து நிறுத்தம் நேராகத் தெரிகிறது. இத்தனை நாள் இந்தப் பக்கம் வந்து நான் பார்த்ததில்லை. ஒரு பேருந்து வந்தது. நின்றது. ஆட்கள் ஏறினார்கள். யாரோ விசில் ஊதினார்கள். போயிற்று.

எடை கேட்டுக் குறித்துக்கொள்ளவில்லை.